அம்மம்மாவின் நினைவு மலரில் எதை எழுதுவது?

தங்கள் கேள்வியை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். ரொறன்ரோவில் இம்மாதம் காலமான தங்கள் அம்மம்மாவுக்கு 31ஆம் நாளில் நினைவு மலர் வெளியிடக் குடும்பத்தார் தீர்மானித்திருக்கிறார்கள். பேரப்பிள்ளைகளில் தமிழ் எழுத வருபவர் தாங்கள் ஒருவரே என்பதால் வாழ்க்கை வரலாறு எழுதும் பொறுப்பு தங்களிடம் வந்திருக்கிறது. எழுத உட்கார்ந்தால் "அன்பின் உறைவிடம்", "விருந்தோம்பலில் சிறந்தவர்" என்பவற்றுக்கு மேல் ஒன்றும் வரவில்லை என்கிறீர்கள். மறைந்த திதியைப் பாட்டில் குறிக்கும் திதி வெண்பா கட்டாயமா, 1990களில் காணாமற்போன மாமாவை மலரில் எப்படிக் குறிப்பிடுவது என்றும் கேட்டிருக்கிறீர்கள். மலரின் அமைப்பு எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பதுபோல் தோன்றினாலும், எந்த அம்மம்மாவுக்கும் பொருந்தக்கூடிய ஒன்றை எழுதிவிடுவேனோ என்ற அச்சம்தான் தங்களைக் கேட்க வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். அந்த அச்சம் நியாயமானது. அச்சில் வரும் மலர்களில் பெரும்பாலானவை அப்படித்தான் இருக்கின்றன.

நான் யாழ்ப்பாணத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். அயலவர்க்கும் உறவினர்க்கும் கல்வெட்டு (மறைந்தவரின் வாழ்வைச் சொல்லும் இரங்கற்பா நூல்) பாடிக் கொடுப்பதும், அச்சகத்தில் இருந்து மெய்ப்புப் பார்ப்பதும் பல ஆண்டுகளாக என் வேலைகளில் ஒன்றாக இருந்து வந்திருக்கின்றன. ஆகவே நான் சொல்பவை யாழ்ப்பாணச் சைவக் குடும்பங்களின் வழக்கை ஒட்டியவை. மட்டக்களப்பிலும் மலையகத்திலும், கிறிஸ்தவ, முஸ்லிம் குடும்பங்களிலும் நினைவுகூரும் முறைகளும் நாட்களும் வேறு. அவற்றுக்கு நான் சொல்வதை அளவுகோலாகக் கொள்ள வேண்டாம்.

இந்த மலரின் பழைய வடிவம் கல்வெட்டு. வசதியுள்ள குடும்பங்கள் ஊர்ப் புலவர் ஒருவரைக் கொண்டு பாடுவித்து, 31ஆம் நாளை ஒட்டிய கிரியைகளான அந்தியேட்டியும் வீட்டுக்கிருத்தியமும் முடிந்து பந்தி நடக்கும் நாளில், வந்தோருக்குக் கையில் கொடுத்தார்கள். நாட்டு வளம், ஊர்ச் சிறப்பு, குடிச் சிறப்பு, பிறப்பு, கல்வி, திருமணம், தொழில், மக்கட்பேறு, நோய், மறைவு என்று வரிசையாகப் போய், பிறகு மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், மருமக்கள் புலம்பல், பேரர் புலம்பல் என்று ஆள்முறைப்படி அது அழும். ஆண்களுக்குப் பாடியவற்றில் தொழிலும் ஊர்ப்பணியும் இடம்பிடித்துக்கொள்ளும். பெண்களுக்குப் பாடியவற்றில் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்பதோடு வாழ்க்கை முடிந்துவிடும். காலப்போக்கில் பாட்டுக் குறைந்து உரைநடை வந்தது, படங்கள் வந்தன, சிவபுராணமும் தேவாரத் திருவாசகப் பாடல்களும் மலரின் பாதியை எடுத்துக்கொண்டன. பெண்களின் வரலாறு மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. தங்களுக்கு வரிகள் வராததற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்: தாங்கள் படித்த மலர்களில் அம்மம்மாக்களைப் பற்றி வேறு விதமாக எழுதிக் கண்டிருக்க மாட்டீர்கள்.

ஆனாலும் அந்த உறவுமுறைப் பட்டியலை அலட்சியம் செய்துவிட வேண்டாம். "இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வதிவிடமாகவும் கொண்ட" என்று தொடங்கி, காலஞ்சென்ற பெற்றோர், கணவர், பிள்ளைகள், மருமக்கள், சகோதரர், மைத்துனர் என்று அடுக்கும் மரண அறிவித்தல் வாசகம் கேட்கச் சலிப்பாக இருக்கலாம். ஆயினும் நாலு நாட்டில் சிதறிய குடும்பத்தில், இன்னும் நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒரு பிள்ளை தன் பூட்டியின் தகப்பனார் பெயரைத் தேடினால், அது அகப்படக்கூடிய ஒரே இடம் இந்தப் பக்கமாகவே இருக்கும். பெயர்களை முதலெழுத்தோடும், ஊரை அயற்பெயரோடும், திருமணத்துக்கு முந்திய குடும்பப் பெயரோடும் முழுமையாக எழுதுங்கள். அதைத் தனிப் பக்கமாக வைத்துவிட்டால் வரலாற்றுப் பகுதியில் உறவுமுறைகளை மீண்டும் அடுக்க வேண்டிய தேவை இராது. அங்கே அம்மம்மாவைப் பற்றி மட்டும் எழுதலாம்.

அந்த வரலாற்றுப் பகுதிக்கு நான் பின்பற்றும் விதி ஒன்றுதான்: பண்பைச் சொல்லாமல் செயலைச் சொல்ல வேண்டும். "சிக்கனமானவர்" என்று எழுதினால் கண்முன் யாரும் வருவதில்லை. 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் ஒரு போத்தல் மண்ணெண்ணெயை எத்தனை இரவுகளுக்குக் காட்டினார், ஜாம் போத்தல் விளக்கை எந்த மூலையில் வைத்தால் மூன்று பிள்ளைகள் ஒன்றாகப் படிக்கலாம் என்று கண்டுபிடித்தார், சவர்க்காரம் கிடைக்காதபோது பனம்பழக் களியில் எதைத் தோய்த்தார், எதைத் தோய்க்க மறுத்தார் என்று எழுதினால், வாசிப்பவர் அவரைக் காண்பார். "பக்தி மிக்கவர்" என்பதும் அப்படியே. எந்தக் கோயிலுக்கு, எந்தக் கிழமையில், யாரோடு, நடந்தா சைக்கிளில் பின்னால் இருந்தா போனார், அங்கே யாருக்கு அருச்சனை செய்வித்தார், யாருடைய பெயரில் செய்விக்கவில்லை என்பதுதான் அவருடைய பக்தி. குறைகளையும் விட வேண்டியதில்லை. கோபக்காரராக இருந்தால் கோபக்காரர் என்றே எழுதுங்கள். எதற்கெல்லாம் கோபப்பட்டார் என்றும் சேர்த்து எழுதினால் அது பழியாகாது. மலரைப் படித்துச் சிரிக்கிறவர்களை நான் கண்டிருக்கிறேன். செத்த வீட்டுப் புத்தகத்தில் சிரிப்பு வரலாமா என்று ஒரு பெரியவர் என்னிடம் கேட்டதும் உண்டு. வரலாம் என்பதே என் கருத்து.

அவருடைய பேச்சைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். அவர் அடிக்கடி சொன்ன வசனம், பிள்ளைகளைக் கூப்பிட்ட செல்லப்பெயர், ஆரேனும் வீட்டுக்கு வந்தால் முதலில் கேட்ட கேள்வி, தொலைபேசியை வைக்கும்போது சொன்ன கடைசிச் சொல் ஆகியவற்றை அவர் சொன்ன பேச்சுத்தமிழிலேயே மேற்கோளாகக் கொடுங்கள். மலர் முழுவதும் செந்தமிழில் இருக்க, இந்த வரிகள் மட்டும் வேறுபட்டு நிற்பது பிழையன்று. இவற்றைத் திரட்ட நாள் அதிகம் இல்லை. வட்ஸ்அப்பில் அவர் அனுப்பிய குரற்பதிவுகள் யாரிடமாவது இருந்தால் இன்றே கேட்டு வாங்கி, வேறோர் இடத்திலும் பிரதி எடுத்து வையுங்கள். கைப்பேசி மாற்றும்போது இவை போய்விடுகின்றன. போன பிறகுதான் வீட்டார் தேடுகிறார்கள்.

விவரங்களைத் திரட்டுவதற்கு வருவோம். முதியவர்களிடம் "அது எந்த ஆண்டு?" என்று கேட்டால் பெரும்பாலும் விடை கிடைக்காது. ஊர் முழுவதும் அறிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்லி, அதற்கு முந்தியா பிந்தியா என்று கேட்டால் கிடைக்கும். யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கிய 1956, இனக்கலவரம் நடந்த 1958, மார்கழிப் புயல் அடித்த 1964, தமிழாராய்ச்சி மாநாடு நடந்த 1974, யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்ட 1981, கொழும்புக் கலவரத்தின் 1983, இந்தியப் படையோடு சண்டை மூண்ட 1987 ஐப்பசி, யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமப் பகுதியே வெறுமையாகிய 1995 ஐப்பசி இடப்பெயர்வு ஆகியவற்றை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு அம்மம்மாவின் தங்கையோடோ மச்சாளோடோ பேசுங்கள். "நூலகம் எரிஞ்ச அண்டைக்கு அவ எங்க இருந்தவ?" என்று கேட்டால், வீட்டின் பெயர், அப்போது கையிலிருந்த குழந்தை, அடுப்பில் இருந்த கறி வரை வந்து விழும். பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட காலத்து நினைவுகள் முதியவர்களிடம் ஏனைய காலத்தைவிடச் செறிவாக நிற்பதை உளவியலாளர்கள் திரும்பத் திரும்பக் கண்டிருக்கிறார்கள். ஆகவே பிள்ளைப்பேற்றுக்கு முந்திய காலத்தைப் பற்றித் துணிந்து கேளுங்கள். பள்ளிக்கூடத்தை எந்த வகுப்போடு விட்டார், யார் நிறுத்தினார்கள், அதைப் பற்றிப் பின்னாளில் என்ன சொன்னார் என்ற மூன்று கேள்விகளுக்குக் கிடைக்கும் விடையில்தான் பல அம்மம்மாக்களின் வாழ்க்கை திறக்கிறது.

பிறந்த நாளில் கவனம் வேண்டும். அவரிடம் இலங்கையின் பழைய தேசிய அடையாள அட்டை இருந்தால் அதன் இலக்கத்தைப் பாருங்கள். ஒன்பது இலக்கங்களும் ஓர் எழுத்தும் கொண்ட அந்த எண்ணில் முதல் இரண்டு பிறந்த ஆண்டைக் குறிக்கும். அடுத்த மூன்றும் ஆண்டின் எத்தனையாவது நாள் என்பதைக் குறிக்கும். பெண்களுக்கு அந்த நாளெண்ணோடு 500 கூட்டப்பட்டிருக்கும். பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் வைத்தே எண்ணுவார்கள். 38642 என்று தொடங்கினால் 642இல் 500 கழித்து 142ஆம் நாள், அதாவது 1938 மே 21. ஆனால் இது அட்டைக்கு விண்ணப்பித்தபோது கொடுத்த பிறந்த நாளே தவிர, பிறந்த நாளுக்குத் தனிச் சான்றன்று. பள்ளியில் சேர்க்கும்போது ஒரு வயது கூட்டியோ குறைத்தோ கொடுப்பது அக்காலத்தில் சாதாரணம். சாதகக் கொப்பி கிடைத்தால் அதிலுள்ள ஆண்டு, மாதம், நட்சத்திரம் மூன்றையும் பஞ்சாங்கம் தெரிந்தவரிடம் காட்டிச் சரிபாருங்கள். இரண்டும் ஒத்துப்போனால் உறுதியாக எழுதலாம். ஒத்துப்போகாவிட்டால், பதிவுகளின்படி இந்த நாள், சாதகத்தின்படி இந்த நாள் என்று இரண்டையும் எழுதிவிடுவதே நேர்மை. குடும்பத்தின் பூர்வீகக் கதைகளுக்கும் இதே முறை பொருந்தும். முன்னோர் ஒருவர் கோயில் கட்டினார், பெரும் நிலம் தானம் செய்தார் என்றெல்லாம் சொல்லப்படும். காணி உறுதிப் பத்திரமோ கோயிற் கணக்கோ கையில் இல்லையென்றால் "என்று குடும்பத்தார் கூறுவர்" என்று முடியுங்கள். மலரில் அச்சான ஒன்று அடுத்த தலைமுறைக்கு ஆதாரமாகிவிடுகிறது. அதை மறுத்துச் சொல்ல அப்போது ஆள் இருக்காது.

இனித் திதி வெண்பா. சமயக் கிரியைக்கு அது கட்டாயமன்று. வெண்பா இல்லாமல் எத்தனையோ மலர்கள் வருகின்றன. ஆனால் அதற்குள் இருக்கும் விவரம் கட்டாயம். ஆட்டைத் திவசமும் (முதலாண்டு நினைவுக் கிரியை) அதன்பின் ஆண்டுதோறும் வரும் திவசமும் ஆங்கிலத் தேதியில் அல்லாமல் மாதத்தையும் பக்கத்தையும் (பிறையையும்) திதியையும் கொண்டே குறிக்கப்படுவதால், ஆண்டு, மாதம், பூர்வபக்கமா (வளர்பிறை) அபரபக்கமா (தேய்பிறை), திதி, பெயர், ஊர் ஆகியவற்றைப் பிள்ளைகள் மறக்காமல் இருக்க நான்கு அடியில் கட்டிக் கொடுத்தார்கள். வெண்பாத் தளை தட்டாமல் எழுதத் தெரிந்தவர் அகப்படாவிட்டால், அரைகுறை வெண்பாவைக் காட்டிலும் அதே விவரத்தை இரண்டு வரி உரைநடையில் எழுதுவது மேல் என்பது தமிழாசிரியனாகிய என் பிடிவாதம். இன்னொன்று: தமிழ் ஆண்டுப் பெயரை மட்டும் எழுதாதீர்கள். அறுபது ஆண்டுகளில் அது திரும்பி வரும். விசுவாவசு என்றால் 1965இல் தொடங்கியதா 2025இல் தொடங்கியதா என்று பின்னால் படிப்பவர் திண்டாடுவார்.

கனடாவில் நிகழ்ந்த மறைவுக்குத் திதி பார்ப்பதில் குழப்பம் ஏற்படுவது இயல்பு. சூரியனுக்கும் சந்திரனுக்கும் இடையே உள்ள கோணம் 12 பாகை கூடுவதற்கு எடுக்கும் நேரமே ஒரு திதி. அது ஏறத்தாழ 19 முதல் 26 மணி நேரம் வரை நீளும். உலகம் முழுவதற்கும் அது ஒரே கணத்தில்தான் மாறுகிறது; மாறுபடுவது அந்தந்த ஊர்க் கடிகாரம். ரொறன்ரோவில் கோடையில் இரவு 8 மணி என்றால் யாழ்ப்பாணத்தில் மறுநாள் காலை 5.30. ஆகவே இலங்கைப் பஞ்சாங்கத்தைப் பார்ப்பதானால் மறைந்த நேரத்தை இலங்கை நேரத்துக்கு மாற்றிப் பாருங்கள். ரொறன்ரோ நேரத்துக்குக் கணித்த நாட்காட்டியைப் பார்ப்பதானால் மாற்றாமல் பாருங்கள். இவை இரண்டையும் கலப்பதால்தான் ஒரு நாள் தவறுகிறது. பஞ்சாங்கக் கணிப்பு முறைகள் இரண்டான வாக்கியத்துக்கும் திருக்கணிதத்துக்கும் இடையே சில மணி நேர வித்தியாசம் வருவதும் உண்டு. திதி மாறும் நேரத்தை ஒட்டி மறைவு நிகழ்ந்திருந்தால், தங்கள் வீட்டில் கிரியை செய்யும் ஐயர் எதைப் பின்பற்றுகிறாரோ அதையே மலரிலும் போடுங்கள். அந்த முடிவு அவருக்குரியது.

மாமாவைப் பற்றிய கேள்விதான் கடினமானது. இதில் நான் சொல்வது வழக்கமும் என் கருத்தும் மட்டுமே. பிள்ளைகளின் பெயர் வரிசையில் மறைந்தவர்களுக்கு முன்னால் "காலஞ்சென்ற" என்று போடுவது மரபு. காணாமல் ஆக்கப்பட்டவருக்கு அப்படிப் போடுவதைப் பல தாய்மார் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை. அரசு மரணச் சான்றிதழ் தருவதாகச் சொன்னபோது அதை வாங்க மறுத்தவர்கள் உண்டு; இறந்தவர் என்று சொல்லாமல் காணாமற்போனமைக்கு மட்டும் சான்று வழங்கும் முறை 2016இல்தான் சட்டமாகியது. தங்கள் அம்மம்மா மகனை எப்படிச் சொல்லி வந்தாரோ அதையே மலரும் சொல்ல வேண்டும் என்பது என் கருத்து. அவர் காத்திருந்தார் என்றால், பிறப்பு வரிசைப்படி மற்றப் பிள்ளைகளோடு மாமாவின் பெயரை வைத்து, இன்ன ஆண்டு இன்ன இடத்தில் காணாமற்போனவர் என்று மட்டும் சேருங்கள். வரலாற்றுப் பகுதியில், அம்மம்மா எந்தெந்த முகாம்களுக்கும் அலுவலகங்களுக்கும் அலைந்தார், மகனின் எந்தப் பொருளை வைத்திருந்தார் என்பதை அலங்காரமின்றி எழுதுங்கள். பெயரைச் சொல்வதால் ஊரில் உள்ள யாருக்கேனும் இன்னும் இடையூறு வரக்கூடும் என்று குடும்பத்தார் கருதினால் அந்தக் கருத்தே மேலானது. இடத்தையும் சூழலையும் விட்டுவிட்டு ஆண்டை மட்டும் போடலாம். பெயரையே விட்டுவிடுவதை மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன். சாதி மாறி மணந்ததற்காக வரிசையிலிருந்து நீக்கப்பட்ட பிள்ளைகள் பற்றியும் இதையே சொல்வேன். பெரியவர்கள் சிலர் முகம் சுளிப்பார்கள், சுளிக்கட்டும்.

நோய்க்கால விவரத்துக்கு ஒரு பத்தி போதும். கடைசி வாரங்களைப் பார்த்தவர்களுக்கு அதுவே கண்முன் நிற்பதால் அதை நீட்டி எழுதத் தோன்றும். மருத்துவமனையின் பெயரும் குழாய்களின் எண்ணிக்கையும் யாருக்கும் பயன்படா. அவரைப் பராமரித்தவர்களின் பெயர்கள் மட்டும் விடுபடக் கூடாது.

அச்சு வேலையில் சில விடயங்கள். 31ஆம் நாளுக்குள் முழு வரலாற்றையும் எழுதி முடிக்க முடியாது என்று தோன்றினால், இப்போது திருமுறைப் பாடல்களும் உறவுப் பட்டியலும் படமும் திதியும் கொண்ட சிறு நூலை அச்சிட்டுவிட்டு, வரலாற்றை ஆட்டைத் திவசத்துக்கு ஆறுதலாக எழுதலாம். அவசரத்தில் எழுதியதைவிட அது எப்போதும் நன்றாக வருகிறது. நடுவில் கம்பி தைக்கும் நூலுக்குப் பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும். படங்களை வட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும். மின்னஞ்சலில் மூலக் கோப்பாகக் கேளுங்கள். ஏ5 பக்கத்தின் அகலம் முழுவதும் வரும் படத்துக்கு ஏறத்தாழ 1750 படப்புள்ளி அகலம் தேவை. ஒவ்வொரு படத்தின் கீழும் ஆட்களின் பெயரை இடமிருந்து வலமாக எழுதுங்கள். யாரென்று தெரியாதவரைத் தெரியவில்லை என்றே எழுதுங்கள். தமிழ் தெரியாத பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்திலோ பிரெஞ்சிலோ எழுதிய அரைப்பக்கம் இருந்தால், மொழிபெயர்க்காமல் அப்படியே கடைசியில் சேருங்கள்.

உயிரோடு இருப்பவர்களின் பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எண் ஆகியவற்றை மலரில் போட வேண்டாம். முன்பு ஊருக்குள் மட்டும் புழங்கிய மலர் இப்போது இணையத்துக்கும் போகிறது. 2005இல் தொடங்கிய நூலகம் என்ற எண்ணிம நூலகத்தில் ஈழத்து நினைவு மலர்கள் ஏராளமாகச் சேர்க்கப்பட்டுள்ளன. தங்கள் மலரின் ஒரு பிரதியையும் குடும்பத்தாரின் சம்மதத்தோடு அங்கே கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன். எழுத முன்னர் அங்கே போய், அம்மம்மாவின் ஊரைச் சேர்ந்தவர்களின் மலர்களைத் தேடிப் பாருங்கள். 1995இல் வீட்டோடு போய்விட்ட குடும்பப் படமோ கொப்பாட்டன் பெயரோ வேறொரு கிளையின் மலரில் இருக்கக்கூடும்.

பல அச்சகங்கள் இன்னும் பாமினி என்ற, ஒருங்குறியல்லாத பழைய எழுத்துருவிலேயே வேலை செய்கின்றன. தாங்கள் ஒருங்குறியில் அனுப்புவதை அவர்கள் மாற்றும்போது சில எழுத்துகள் இடம் மாறும், கிரந்த எழுத்துகள் சிதையும். ஆகவே கடைசி மெய்ப்பை அச்சிட்ட தாளில் கேட்டு வாங்கி, பெயர்கள் உள்ள பக்கங்களை மட்டும் அம்மம்மாவின் தங்கைக்கு உரத்துப் படித்துக் காட்டுங்கள். விடுபட்ட மருமகனின் பெயரை அவர்தான் கண்டுபிடிப்பார்.